மஞ்சள் நீரில் அழிந்த மை

ஒரு துண்டு ரொட்டி நெஞ்சுக்கு மேலே நின்றுகொண்டது. கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் வரவில்லை. எண்பத்தொன்பதாம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த வாரம். மாத்தளைப் பக்கம், உக்குவளைக்கு மேலே இருக்கிற கொக்கோத் தோட்டத்தில், மர நிழலில் உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தோம். தேத்தண்ணி நேரம். கோதுமை ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். மூச்சு முட்டி நான் கண்ணீர் விட, என் நாத்தனார் பூரணம் முதுகில் ஓங்கித் தட்டினாள். பேசிக்கொண்டே தின்றால் இப்படித்தான் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏனென்றால் அவள் சொன்னது பொய் இல்லை. நான் வாய் செத்தவள் இல்லை, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீரைக் குடித்து அந்தத் துண்டை ஒரு வழியாக இறக்கினேன்.

அம்மன் பிள்ளைகளாகிய என் சொந்தங்களே, அந்தத் துண்டு ரொட்டியிலிருந்து இன்று வரைக்கும் ஆத்தா என்னை எப்படிக் கொண்டுவந்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். என் பெயர் தெய்வானை. எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் டீச்சர், அதனால் என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுகிறாள். திருத்தட்டும். ஆனால் எதையும் வெட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மாசியில் சோறும் நிற்க ஆரம்பித்தது. தோட்டத்து டிஸ்பென்சர் வாய்வு என்று வெள்ளைத் தண்ணி மருந்து கொடுத்தார். லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி பித்தம் என்றாள். இன்னொருத்தி கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். பங்குனியில் கஞ்சித் தண்ணி மட்டும்தான் இறங்கியது. அதையும் மடக்கு மடக்காக, இடையில் எழுந்து நின்று குதித்துக் குதித்து இறக்க வேண்டும். ரவிக்கை தோளை விட்டு வழிந்தது. மகள் அப்போது நாலாம் வகுப்பு. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு தின்பாள். நான் தின்ன முடியாமல் இருக்கும்போது தான் தின்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் கருப்பையா அதிகம் பேசாத மனுஷன். வீட்டுப் பேச்சையெல்லாம் நானே பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் இல்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு அவர் என்னை மாத்தளைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். வாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு டொக்டர் நோனா, பெண் டொக்டரை அப்படித்தான் சொல்வோம், எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். சிங்களத்தில்தான் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். அன்று விளங்காமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய்.

கழுத்துக்குக் கிட்ட, கத்தி வைக்க முடியாத இடத்தில் இருக்கிறதாம். அதனால் கரண்ட் பிடிக்க வேண்டும் என்றார். கதிர் வைத்துச் சுடுகிற அந்த வைத்தியத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சுகமாகுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நோனா கையை விரிக்கவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை. செய்யாமல் விட்டால் தண்ணீரும் இறங்காத நாள் வரும் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரக்கூட இல்லை.

ஊருக்கு வந்ததும் நேரே கோயிலுக்குப் போனேன். எங்கள் மாரியம்மன் கோயில் அப்போது தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், ஒரு பக்கம் சாதிக்காய் மரம், ஒரு பக்கம் வேம்பு. நான் பக்தியாகக் கும்பிட்டேன் என்று சொன்னால் பொய். சண்டை பிடித்தேன். உனக்குப் பொங்கல் வைத்த கைக்கு இதுவா கூலி என்று கேட்டேன். என்னென்னமோ பேசினேன். பேசிப் பேசித் தொண்டை கட்டி, கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் வாயில் வந்தது வேண்டுதல்.

“ஆத்தா, ரொட்டி வேணாம், சோறு வேணாம். கூழ் குடிக்கிற அளவுக்கு இந்தத் தொண்டையை எனக்கு விட்டு வை. நான் உசுரோட இருக்கிற காலமெல்லாம் ஆடிக்கு ஆடி ஒனக்குக் கூழ் ஊத்துறேன். அம்புட்டுத்தான் கேக்குறேன்.”

வேண்டிக்கொண்டு எழுந்தபோது மனசு லேசாகவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஒருத்தியிடம் சொல்லியாகிவிட்டது என்று ஒரு தைரியம் இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் கரண்ட் பிடிக்கத் தொடங்கினார்கள். என்னைக் கண்டி ஆஸ்பத்திரி வாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். முதலில் ஊதா மையால் கழுத்திலும் நெஞ்சிலும் கோடு போட்டார்கள். கட்டம் கட்டமாக, நடுவில் சிலுவை மாதிரி. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மெசினைத் திருப்புவார்களாம். கோடு அழிந்தால் கரண்ட் நோயில் படாமல் வேறு இடத்தில் படும் என்றார்கள். அதனால் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது, சவுக்காரம் போடக் கூடாது, பவுடர், சந்தனம், எண்ணெய் எதுவும் கூடாது. எனக்குக் கரண்டை விட இதுதான் பெரிய தண்டனை. வெயிலில் வேலை செய்துவிட்டுப் பீலியில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணியில் தலையோடு குளித்துப் பழகியவள் நான். இடுப்புக்குக் கீழே ஊற்றி, மேலே ஈரத்துணியால் ஓரங்களைத் துடைத்துக்கொண்டு இருந்தேன்.

மெசின் அறைக் கதவு அரிசி ஸ்டோர் கதவை விடக் கனமானது. என்னைப் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். கதவு மூடும். ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சூடும் இல்லை, வலியும் இல்லை. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று முதல் வாரம் பெருமையாக இருந்தேன். வாட்டில் பக்கத்துக் கட்டிலில் பல்லேகமப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். வயல்காரர், சிங்கள அம்மா. அவருக்கும் அதே நோய். பொறு, பொறு, பிறகுதான் தெரியும் என்றார்.

தெரிந்தது. ஆடி பிறந்ததும் தொண்டைக்குள் புண்ணாகிவிட்டது. எச்சில் விழுங்கினாலும் மிளகாயை அரைத்துத் தடவியது போல எரியும். வந்த நாளில் குடித்த கஞ்சியைக்கூடக் குடிக்க முடியவில்லை. கழுத்துத் தோல் கறுத்துச் செதில் செதிலாக உரிந்தது. இது கரண்டினால் வருவது, முடிந்த பிறகு ஆறும் என்று நோனாவும் நேர்சுகளும் படித்துப் படித்துச் சொன்னார்கள். என் காதில் ஏறவில்லை. நோய் கொல்கிறதோ இல்லையோ, இந்த வைத்தியம் என்னைக் கொன்றுவிடும் என்று முடிவு கட்டிவிட்டேன். சாகிறதுதான் சாகிறேன், என் லயத்துக் காம்பரா வீட்டில் என் பிள்ளை பக்கத்தில் சாகிறேன் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கோயில் திருவிழா வந்தது. சனி, ஞாயிறு கரண்ட் இல்லை. அழுது கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை கட்டாயம் வர வேண்டும், இடையில் விட்டால் செய்ததெல்லாம் வீண் என்று நோனா விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினார். நான் தலையை ஆட்டினேன். திரும்பிப் போகிற எண்ணம் எனக்கு இல்லை.

திருவிழாவுக்குக் கடைசியில் எங்கள் தோட்டத்தில் மஞ்சள் நீராட்டு நடக்கும். அம்மனுக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணியை வேப்பிலையோடு குடத்தில் கொண்டுவந்து, முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொள்வார்கள். கொழுந்தன் மேல் மதினி, அத்தான் மேல் மச்சினி. ஒரே கூத்தாக இருக்கும். நான் கூட்டத்தில் போகாமல், கழுத்தைச் சேலையால் மூடிக்கொண்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். குளிக்காத உடம்போடு ஆத்தாவுக்குக் கிட்டப் போக மனம் வரவில்லை.

பூரணம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளுக்கு நான் என்றால் உயிர். அவளுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு அவளுக்காகச் சண்டை போட்டவள் நான். கரண்ட் என்றால் சூடு, சூட்டினால்தான் மதினி தொண்டை வெந்து கிடக்கிறது, ஆத்தாவின் மஞ்சள் தண்ணியை விடக் குளிர்ச்சி உலகத்தில் வேறு என்ன இருக்கிறது என்று அவள் புத்திக்கு எட்டியிருக்கிறது. பின்பக்கமாக வந்து ஒரு முழுக் குடத்தை என் தலையில் கவிழ்த்துவிட்டாள். கவிழ்த்ததோடு விடவில்லை, வேப்பிலையால் கழுத்தை அழுத்தித் துடைத்தும் விட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். மஞ்சளோடு ஊதா கலந்து நெஞ்சில் வழிந்து ஓடியது. கோடும் இல்லை, கட்டமும் இல்லை. உரிந்த தோல்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் பூரணத்துக்கு விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கூத்து நின்றுபோய் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

அப்போது பூசாரி வந்து பார்த்தார். ஆத்தாவுடைய தண்ணி அழித்திருக்கிறது என்றால் ஆத்தாவே அழித்திருக்கிறாள், இனிமேல் கரண்ட் வேண்டாம் என்று உத்தரவு கொடுத்துவிட்டாள் என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். சிலர் கும்பிட்டார்கள். பூரணமும் அழுகையை நிறுத்திவிட்டு, அப்படித்தான் இருக்கும் மதினி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் செய்த பிழை அருளாக மாறினால் அவளுக்கும் ஆறுதல்தானே. எனக்கும் அதுதான் ஆசை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போக வேண்டாம். எரிச்சல் வேண்டாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் கழுத்தைப் பார்த்தார். அவர் அத்தனை பேர் முன்னால் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“ஆத்தா அழிக்கிறதா இருந்தா நோய அழிச்சிருப்பா. இது மை. மைய திரும்பப் போட்டுக்கலாம். நாளைக்கு நாம போறோம் புள்ள.”

பூசாரிக்கு முகம் சுருங்கிப்போனது. நான் என் வீட்டுக்காரரைப் பிடித்து ஏசினேன். தொண்டை எரிய எரிய ஏசினேன். உனக்கா எரிகிறது, எனக்கல்லவா எரிகிறது என்றேன். அவர் வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரிப் பையில் என் உடுப்பை மடித்து வைத்தார்.

விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். ஆத்தா, நீ சுற்றி வளைத்துச் சொன்னது எனக்கு விளங்கவில்லை, ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள், எனக்கு நேராகச் சொல் என்று கேட்டேன். அன்றைக்குப் பஸ் ஓடாது என்பது எனக்குத் தெரியும். அந்த வருஷம் இருந்த இருப்பு வயசானவர்களுக்கு நினைவிருக்கும். கடை திறக்காதே, வண்டி ஓட்டாதே என்று, அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய சிங்களப் பொடியன்கள் சுவரில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால் ஊரே செத்துப் போகும். மீறியவர்கள் வீடு திரும்புவதில்லை. மறுபக்கம் ஆமிக்காரன். ரோட்டோரத்தில் டயர் எரிந்து கிடந்தால் அதற்குள்ளே கிடக்கிறவனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்போம். அன்றைக்கும் துண்டு ஒட்டியிருந்தது. அதனால் கொஞ்சம் கள்ளத்தனமாகத்தான் கேட்டேன். நான் போக வேண்டும் என்றால் நீயே ஒரு வண்டியை அனுப்பு என்றேன். அனுப்ப மாட்டாள் என்று நினைத்தேன்.

பாதையில் வேன் சத்தம் கேட்டது. எங்கள் தோட்டத்தில் கொக்கோவும் சாதிக்காயும் வாங்குகிற உக்குவளைக் கடைக்கார முஸ்லிம் அண்ணன், நானா என்று கூப்பிடுவோம். கடையை உடைப்பார்களோ என்று பயந்து, எங்கள் தோட்டத்து ஸ்டோரில் போட்டிருந்த மிளகு மூட்டைகளைக் கண்டியில் மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோக வந்திருக்கிறார். தனியாகப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். என் வீட்டுக்காரர் பையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார்.

“ஏறுங்க தங்கச்சி. நோயாளி இருக்கிற வண்டிய யாரும் மறிக்க மாட்டான். ஒங்களுக்கு நான் தொண, எனக்கு நீங்க தொண.”

நான் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேட்டது நான்தானே, இனி எந்த வாயால் மறுப்பது? என் வெள்ளைச் சேலையைக் கிழித்து வேனின் முன்னால் கட்டினோம். மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நான் படுத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் மறித்தார்கள். முதல் இடத்தில் ஆமி. இரண்டாவது இடத்தில் முகத்தைக் கட்டிய பொடியன்கள். இரண்டு இடத்திலும் என் கழுத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நானா வழி முழுக்க வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். நான் ஆத்தா, ஆத்தா என்று சொல்லிக்கொண்டே போனேன்.

டொக்டர் நோனாவுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்றைக்கு முகம் முழுக்கச் சிவந்தது. மஞ்சள் படிந்த என் கழுத்தைப் பார்த்துவிட்டு, யார் கழுவியது என்று கேட்டார். ஊரையே வாயால் ஓட்டுகிறவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கோடு இல்லாமல் மெசினைத் திருப்ப முடியாது, முதலில் இருந்து படம் பார்த்துத்தான் கோடு போட வேண்டும் என்றார். ஒரு கோப்பையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மருந்தைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். அதைக் குடிக்கும்போது அது இறங்குகிற பாதை படத்தில் தெரியும்.

அந்த மருந்தை நான் சித்திரையிலும் குடித்திருக்கிறேன். அன்றைக்கு அது நெஞ்சுக்கு மேலே தேங்கி நின்று, பிறகு மூக்கால் வந்தது. அந்தப் பயத்தோடு கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தேன். எரிந்தது. நல்லாய் எரிந்தது. ஆனால் நிற்கவில்லை. இன்னொரு மடக்கு. அதுவும் போனது. எரிச்சலுக்குப் பயந்து நான் இத்தனை நாளாக ஒழுங்காக விழுங்கிப் பார்க்கவே இல்லை. வழி திறந்தது எனக்கே தெரியவில்லை.

நோனா பழைய படத்தை எடுத்து வரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். பழையதில் வெள்ளைப் பாதை ஒரு இடத்தில் நூல் மாதிரி போய்விட்டிருந்தது. புதியதில் அதே இடத்தில் விரல் நுழைகிற மாதிரி இருந்தது.

“பாத்தீங்களா? அரைவாசிக்கு மேல கரைஞ்சிட்டுது. இப்ப நிப்பாட்டினா மிச்சம் இருக்கிறது திரும்ப வளரும். முடிச்சிட்டுப் போங்க” என்றார் சிங்களத்தில்.

என் வீட்டுக்காரர் அந்த அறைச் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் அழவில்லை. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு அழியாமல் இருந்திருந்தால் இடையில் யாரும் படம் பார்த்திருக்க மாட்டார்கள். படம் பார்க்காமல் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். அன்றைக்கு இல்லாவிட்டால் மறுவாரம் ஓடியிருப்பேன். பூசாரி சொன்னது சரி, அழித்தது ஆத்தாதான். ஆனால் நிறுத்தச் சொல்லி அழிக்கவில்லை. உள்ளே என்ன செய்திருக்கிறேன் பார் என்று காட்டுவதற்கு அழித்திருக்கிறாள். நான் இதை நோனாவிடமும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பத்தினி தெய்யோவுக்கு நன்றி சொல், ஆனால் இனிமேல் குளிக்காதே என்றார். சிங்களவர் அம்மனை அப்படித்தான் சொல்வார்கள்.

புதுக் கோடு போட்டார்கள். கடைசி நாள் வரைக்கும் போனேன். ஒரு நாளும் தவறவில்லை. முடிந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் எரிச்சல் கூடிக்கொண்டுதான் போனது, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. புரட்டாசியில் குழைந்த சோறு இறங்கியது. தீபாவளிக்கு இட்லி. அடுத்த தைப்பொங்கலுக்கு, அதே கொக்கோ மரத்தடியில், ஒரு துண்டு ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து வாயில் போட்டேன். வேலைக்காட்டில் இருந்த எல்லோரும் காயுடைப்பதை நிறுத்திவிட்டு என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியது. பூரணம் போட்ட குலவைச் சத்தத்தில் கங்காணி ஓடி வந்து என்ன விபத்து என்று கேட்டார். அந்த ஆடியில் முதல் கூழ் வார்த்தேன். குரக்கன் என்கிற கேழ்வரகு மாவு கரைத்து, மோரும் சின்ன வெங்காயமும் போட்டு, தோட்டம் முழுக்க.

இத்தோடு கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். சாட்சி சொல்ல வருகிற பல பேர் இத்தோடு முடித்துவிடுவார்கள். நான் முடிக்க மாட்டேன், ஏனென்றால் இதற்குப் பிறகு வாழ்ந்ததுதான் நீளம்.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் சோறு மறுபடியும் நின்றது. அதே இடம். எனக்கு உலகமே இருண்டுபோனது. ஊரில் மூலைக்கு மூலை குசுகுசுத்தார்கள். மகள் மறுபடியும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் ஆத்தாவிடம் போய், கொடுத்ததைப் பறிக்கிறாயா என்று கேட்டேன். கண்டியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், துணுக்கு எடுத்தார்கள். அந்தத் துணுக்கின் முடிவு வருகிற வரைக்கும் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். புற்று இல்லை. கரண்ட் சுட்ட இடம் தழும்பாகி இறுகியிருக்கிறது என்றார்கள். சுட்ட புண் ஆறினால் தோல் இழுத்துப் பிடிக்கிறதல்லவா, அது மாதிரி. மெல்லிய குழாயில் தொடங்கி, ஒன்றை விட ஒன்று பருமனாக வாய் வழியாக விட்டு அகலமாக்கினார்கள். அதற்குப் பிறகும் பல தடவை போய் அகலமாக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது வருஷக் கணக்காகத் தேவைப்படவில்லை.

கழுத்தில் இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரிக் கறுப்பு அப்படியே நின்றுவிட்டது. வாய் அடிக்கடி காய்ந்துபோகும், தண்ணிப் போத்தல் இல்லாமல் வெளியே போக மாட்டேன். குரல் கம்மிவிட்டது. இப்போது சண்டை போட்டால் பக்கத்து லயத்துக்குக் கேட்பதில்லை, அதில் மட்டும் பூரணத்துக்குச் சந்தோஷம். பிறகு ஒரு காலத்தில் காரணமில்லாமல் உடம்பு ஊதி, சோர்ந்து, எந்நேரமும் தூக்கமாக வந்தது. கழுத்தில் இருக்கிற ஒரு சுரப்பியும் அந்தக் கரண்டில் களைத்துவிட்டதாம். காலையில் ஒரு குளிசை மாத்திரை போடச் சொன்னார்கள். போடுகிறேன். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, ஆத்தா முன்னாலேயே போடுகிறேன். இதெல்லாம் உயிரோடு இருக்கிறவளுக்கு வருகிற தொல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை, அதையும் ஒளிக்க மாட்டேன். பல்லேகம அம்மா அடுத்த வெசாக் பண்டிகையைப் பார்க்கவில்லை. என்னோடு கரண்ட் பிடித்தவர்களில் ஒவ்வொருவராகக் கிளினிக் பெஞ்சில் குறைந்துபோனார்கள். அவர்கள் கும்பிடாமலா இருந்தார்கள்? அந்த அம்மா ஒவ்வொரு காலையும் தலையணைக்குக் கீழே இருந்து, புத்த பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். என்னை மட்டும் ஏன் வைத்தாய் என்று ஆத்தாவிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அவருக்காக ஒரு செம்புக் கூழ் ஒவ்வொரு வருஷமும் தனியாக வார்க்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. வைகாசியில் வடக்குச் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். இந்தப் பங்குனியில் கிளினிக்குக்குப் போனபோது, புதிதாக வந்த சின்ன வயசு டொக்டர் என் கழுத்துக் கறுப்பைப் பார்த்துவிட்டு எப்போது கரண்ட் பிடித்தது என்று கேட்டார். சொன்னேன். அது தான் சின்ன வயசில் எழுத்துப் பழகிய காலம் என்றார். மற்ற டொக்டர்களையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். நான் கல்யாண வீட்டுப் பொம்பளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். என் மகள் டீச்சரானதைப் பார்த்தேன். அவள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்தேன். பேரனுக்கு முதல் சோறு ஊட்டியதும் இந்தக் கைதான். அவனைப் பார்த்துக்கொண்டே நானும் ஒரு வாய் விழுங்கினேன்.

அதனால் என் சொந்தங்களே, சோறு நெஞ்சில் நின்றால் வாய்வு என்று மாசக் கணக்கில் இருக்காதீர்கள். ஓடிப்போய்க் காட்டுங்கள். நானும் மென்றவள்தான், விட்டுவிட்டேன்; நீங்களும் வெற்றிலையையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள். கரண்ட் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள், நடுவில் ஓடி வராதீர்கள், முடிந்த பிறகும் கூப்பிட்ட நாளுக்குப் போங்கள். போகிற வழி முழுக்க ஆத்தாவைக் கூப்பிடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், நானே அதற்குச் சாட்சி. அவள் மெசினுக்குள்ளும் இருக்கிறாள், மிளகு மூட்டை ஏற்றி வந்த வேனுக்குள்ளும் இருக்கிறாள்.

போன வாரம் இந்த வருஷக் கூழ் வார்த்தோம். மறுநாள் மஞ்சள் நீராட்டு. அன்றிலிருந்து இன்று வரைக்கும் பூரணம் சொல்லாமல் என் மேல் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது, அவளுக்கு முழங்கால் வலி வேறு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்கம் போல என் முன்னால் வந்து நின்றாள். வழக்கம் போலச் சேலையை விலக்கி என் கழுத்தை நன்றாகப் பார்த்தாள்.

“மதினி, அழியிறதுக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல. நீ ஊத்து” என்றேன்.